துபாய்க்காரர் வீட்டு ஆட்டின் வழக்கு

விருத்தாசலத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு லைன் வீட்டில்தான் இடம் அமைந்தது. நீளமான ஒரே ஓட்டுக் கூரை, அதற்குக் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு நடுவில் சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய், இவ்வளவு போதும் என்று நின்றுவிடும். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மற்ற வீடுகளில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள்.

நான் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்த வந்தவள். புது டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர் என்னைவிட உயரம். அவர்கள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் தினமும் சாயங்காலம் அடுத்த நாள் பாடத்தை வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். மூலையில் இருந்த ஆட்டுக்கல்தான் வகுப்பு. அதைப் பார்த்துக் கேள்வி கேட்பேன், அதுவே தப்பாகப் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டு திருத்துவேன்.

அந்தப் பருவத்துக்குப் பாடம், இடைக்கால ஐரோப்பா. பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம்தான் இருந்தது. ஆனால் என்னிடம் சிதம்பரத்தில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் வாங்கிய, அட்டையே இல்லாத ஒரு தடிப் புத்தகம் இருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் என்னென்ன நம்பினார்கள் என்பதெல்லாம் அதில் விலாவாரியாக இருந்தது. படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும். அதில் ருசியானதை எல்லாம் எடுத்து ஆட்டுக்கல்லுக்குச் சொன்னேன்.

“உலகத்தில் மூன்று வகை மனிதர்கள். ஜெபம் செய்கிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், உழைக்கிறவர்கள். கடவுளே அப்படித்தான் பிரித்து வைத்தார், யாரும் இடம் மாறக் கூடாது என்று அவர்கள் நம்பினார்கள்” என்று நான் ஒருநாள் முழங்கிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது.

“டீச்சர், பொம்பளைங்க இதுல எதுல வர்றாங்க?”

பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அக்காவும் ஒரு கிடா ஆடும் மட்டும்தான் அந்த வீட்டில். போன பக்ரீத்துக்கு வீட்டுக்காரர் லீவில் வருவார் என்று வாங்கிய ஆடு அது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை, ஆட்டுக்கு ஆயுசு கிடைத்தது. அதற்குப் பிறகு அக்கா அதைக் கண்ணு, தங்கம், ராசா என்று கூப்பிட்டு, கையால் ஊட்டி, கதவு உயரத்துக்கு வளர்த்துவிட்டார்.

“அதப் பத்தி புத்தகத்துல ஒண்ணும் இல்லக்கா” என்றேன்.

“அப்ப நாங்க மூணு வேலயும் செய்யறோம்னு எழுதிக்குங்க. ஓதறோம், சண்ட போடறோம், ஒழைக்கறோம். மேல சொல்லுங்க, நான் உள்ளி உரிச்சிக்கிட்டே கேக்கறேன்.”

அன்றிலிருந்து எனக்கு நிஜமான மாணவர்கள் கிடைத்தார்கள். எனக்கு இந்தப் பக்கம் அக்கா. அந்தப் பக்கம் லைன் வீட்டின் சொந்தக்காரர். கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பட்டை குறுக்கே போட்டுக்கொண்டு கோர்ட்டு வாசலில் நின்று, வாதி பிரதிவாதி பேரை மும்முறை கூவி அழைத்த தொண்டை அவருடையது. ஓய்வுக்குப் பிறகும் அந்தத் தொண்டை ஓயவில்லை. பால்காரர் வந்தால்கூட, “பால்காரர்! பால்காரர்! பால்காரர்!” என்றுதான் வீட்டுக்குள் அறிவிப்பார். கடைசி வீட்டில் ஒரு பொம்மைக்காரர். அவருடைய பட்டறை எங்கள் கொல்லைக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் வீடு தூரம் என்பதால் குரல் சரியாகக் கேட்காது. அதனால் அவர் தினமும் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு டவாலி அய்யா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

மனித உடம்பில் நாலு திரவம் இருக்கிறது, ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம், இவற்றில் எது கூடுகிறதோ அதற்கேற்றபடி ஆளின் குணம் அமையும் என்று ஒருநாள் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். அம்மிக்கல்லின் மேல் ஏறி நின்றிருப்பார் போல.

“இதத்தானே டீச்சர் எங்க யுனானி வைத்தியரு ஹக்கீமும் சொல்றாரு! எனக்குப் பல்கம் சாஸ்தின்னு சொல்லி லேகியம் குடுத்தாரே. அவரு வெள்ளக்காரங்க புக்கப் படிச்சிருக்காரா?”

“கிரேக்க நாட்டிலேருந்து அது ரெண்டு பக்கமும் போயிருக்குக்கா.”

“பாருங்களேன், என் சளி எவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்குது!” என்று அக்கா பெருமைப்பட்டார்.

மறுநாளே லைன் வீடு முழுக்க நோய்க்குறிப்பு நடந்தது. பொம்மைக்காரருக்கு மஞ்சள் பித்தம் என்று டவாலி அய்யா தீர்ப்புச் சொன்னார், ஏனென்றால் அவருக்குச் சட்டென்று கோபம் வரும். “எனக்காய்யா பித்தம்?” என்று அவர் சண்டைக்கு வந்ததே அதற்கு அத்தாட்சி ஆகிவிட்டது. பொம்மைக்காரரின் மச்சினனுக்குக் கபம் என்று எல்லோரும் ஏகமனதாக முடிவு செய்தார்கள். அந்த ஆள் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பான். பொம்மைக்காரரின் மனைவி பிரசவத்துக்காகப் பெண்ணாடத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். போனதும், தனியாக இருக்கிற புருஷனுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று தம்பியை இங்கே அனுப்பிவைத்தார். இருபத்தைந்து வயசு, நல்ல வாட்டசாட்டம். உட்கார்ந்தால் தூக்கம், சாய்ந்தால் குறட்டை.

குழாயடியில்தான் ஐரோப்பா எல்லை மீறிப் போனது. “நான் ஓதறவ, என் கொடத்த முன்னாடி வுடுங்க” என்பார் அக்கா. “நான் சண்டக்காரன், எனக்குத்தான் முதல்ல” என்பார் பொம்மைக்காரர். டவாலி அய்யா, “ராஜா எங்கடா இருக்காரு இதுல? வூட்டுக்காரன்தானே ராஜா?” என்று வாளியோடு நுழைவார். உழைக்கிறவன் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒருவரும் முன்வரவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பட்டறையிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

எல்லோரும் ஓடினோம். பொம்மைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்த வாரம் முழுக்க அவர் பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பை ஊற்றி வாத்துப் பொம்மை செய்துகொண்டிருந்தார். பாண்டிச்சேரிக் கடை ஒன்றுக்கு வெள்ளை வாத்துகள். சூளைக்குப் போவதற்கு முன் நிழலில் காய்வதற்காகச் சுவரோரம் பலகைகளில் அடுக்கியிருந்தார். அதில் ஒரு பலகை கீழே சாய்ந்து, வாத்துகள் எல்லாம் தரையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில், பொம்மை கட்டுவதற்காக வைத்திருந்த வைக்கோலை நிம்மதியாக மென்றுகொண்டு, அக்காவின் ஆடு நின்றிருந்தது. தாடியில் ஒரு வாத்துத் தலை ஒட்டிக்கொண்டிருந்தது.

“மாமா, நான் ரெண்டு கண்ணால பாத்தேன்” என்றான் மச்சினன். “இது பாய்ஞ்சி வந்திச்சி, முட்டிச்சி, அம்புட்டும் விழுந்திச்சி.”

“என் தங்கம் அப்படிச் செய்யாது!” என்றார் அக்கா.

“செய்யாதா? அதோ பாருங்க பாயம்மா, தாடிய!”

“தாடியில ஒட்டினா கொலகாரனா? உங்க மீசையிலகூடத்தான் களிமண் ஒட்டியிருக்குது!”

பொம்மைக்காரருக்கு மஞ்சள் பித்தம் தலைக்கேறியது. “ஆட்ட எங்கிட்ட வுட்டுருங்க. பிரியாணி போட்டு என் மனச ஆத்திக்கறேன். இல்லன்னா நாளைக்கே போயி கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடுவேன், ஆமா!”

எங்கள் பக்கத்தில் அது சாதாரண மிரட்டல் இல்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் பிராது எழுதிக் கட்டிவிட்டால், குற்றம் செய்தவருக்குச் சாமியே தண்டனை கொடுக்கும் என்று ஊரே நம்பும். அக்காவின் முகம் வெளுத்தது. டவாலி அய்யா குறுக்கே வந்தார்.

“ஏம்பா, ஆட்டு மேலயா பிராது கட்டுவ? ஆட்ட விசாரிக்கறதுதான் சாமிக்கு வேலயா? ஆட்டு மேல எந்த ஊர்லயாவது கேஸ் உண்டா?”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தடிப் புத்தகத்தில் அப்போது நான் அந்தப் பக்கங்களில்தான் இருந்தேன்.

“உண்டு அய்யா” என்றேன். “ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் மிருகங்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆடும் திரும்பியது.

கடவுள் படைத்த எல்லா உயிரும் ஒரே ஒழுங்குக்குள் அடங்கியது, மனிதனுக்கு ஒரு படி, மிருகத்துக்கு ஒரு படி, அந்த ஒழுங்கைக் கலைத்தால் பன்றியானாலும் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவர்களுடைய நம்பிக்கை என்று விளக்கினேன். பன்றியைக் கூண்டில் நிறுத்தினார்கள், முட்டையிட்டதாகச் சேவல் மேல் குற்றம் சாட்டினார்கள், மிருகத்துக்கு வக்கீல்கூட வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்லும்போதே டவாலி அய்யாவின் முதுகு நிமிர்வதைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அந்த முதுகு அப்படி நிமிர்ந்ததில்லை.

“நாளைக்கி ஞாயித்துக்கெழம” என்றார். “காலையில பத்து மணிக்கு கோர்ட்டு. டீச்சரம்மாதான் ஆட்டுக்கு வக்கீலு.”

“ஐயோ, நான் எதுக்கு அய்யா?”

“சட்டம் தெரிஞ்சது நீங்க மட்டும்தானே!”

மறுநாள் காலை லைன் வீட்டு முற்றத்தில் கோர்ட்டு கூடியது. உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு மனைப் பலகை வைத்து நீதிபதி ஆசனம் தயார் செய்திருந்தார்கள். டவாலி அய்யா சலவை வேட்டியும், குறுக்கே ஒரு சிவப்புத் துண்டும் போட்டுக்கொண்டு வந்து அதில் அமர்ந்தார். அமர்ந்ததும் எழுந்தார். வாசலுக்குப் போனார். தெருவே அதிர, “துபாய்க்காரர் வூட்டு ஆடு! துபாய்க்காரர் வூட்டு ஆடு! துபாய்க்காரர் வூட்டு ஆடு!” என்று கூவினார். பிறகு திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார்.

“ஜட்ஜே எழுந்து போயி கூப்புடலாமா?” என்று கேட்டார் பொம்மைக்காரர்.

“டவாலி இல்லாம கோர்ட்டு ஏது? இன்னிக்கி ரெண்டு உத்தியோகமும் எனக்குத்தான். குறுக்க பேசாத.”

அந்தக் கூவலில் தெருவே வந்துவிட்டது. முற்றம் கொள்ளாமல் ஆட்கள் கூரையோரம் நின்றார்கள். அப்போது அக்கா வீட்டுக் கதவு திறந்தது. ஆடு வெளியே வந்தது. பெரிய பெரிய ஊதாப் பூக்கள் போட்ட நைலான் சட்டை ஒன்றை முன்னங்கால்கள் கைக்குள் போகும்படி அணிந்திருந்தது. பட்டன் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது.

“அக்கா! என்னக்கா இது?”

“நீங்கதானே சொன்னீங்க, அங்க பன்னிக்குச் சட்ட போட்டு கோர்ட்டுக்குக் கூட்டியாந்தாங்கன்னு. நேத்து சாயங்காலம் ஆட்டுக்கல்லுகிட்ட சொன்னீங்களே. எங்க வூட்டுக்காரரு துபாய்லேருந்து அனுப்புனது, அவருக்கே சின்னதா போயிடிச்சாம். கோர்ட்டுக்குப் போறப்ப மரியாதயா போவ வேணாமா?”

கூட்டம் ஆட்டுக்கு வழிவிட்டது. சிலர் வணக்கம்கூட வைத்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். ஒன்பதாம் வகுப்பின் முன்னால் வராத தைரியம் எங்கிருந்தோ வந்தது. தடிப் புத்தகத்தில் எலிகளுக்காக வாதாடிய ஒரு வக்கீல் வருவார். என் கட்சிக்காரர்கள் கோர்ட்டுக்கு வர முடியாது, வழியெல்லாம் பூனைகள் இருக்கின்றன, உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று அவர் சொன்னாராம். அதே வழியில் நானும் போனேன்.

“கனம் நீதிபதி அவர்களே, இந்தத் தெருவில் நாய்கள் அதிகம். என் கட்சிக்காரர் உயிருக்குப் பயந்து கோர்ட்டுக்கு வர இயலாது. எனவே வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.”

டவாலி அய்யா என்னை இரக்கத்தோடு பார்த்தார். “டீச்சரம்மா, அதுதான் வந்து நிக்குதே.”

ஆடு “மே” என்றது.

“ஆஜர்” என்றார் நீதிபதி.

முதல் வாதமே இப்படிப் போனதும், ஆட்டுக்கு நல்லது கெட்டது தெரியாது, தெரியாமல் செய்தது குற்றமாகாது என்று அடுத்த வாதத்தை எடுத்தேன். என்னைத் தோற்கடித்தது எதிர்த்தரப்பு இல்லை, என் கட்சிக்காரரின் எஜமானிதான்.

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர்” என்றார் அக்கா. “கொம்பு இருக்கற ஆடு கொம்பில்லாத ஆட்ட முட்டியிருந்தா, எல்லாருக்கும் தீர்ப்பு சொல்ற கியாமத்து நாள்ல அதுக்கும் நியாயம் கெடைக்கும்னு எங்க அத்தா சொல்வாங்க. என் ஆடு தப்பு பண்ணியிருந்தா அதுக்குத் தெரியும். ஆனா அது பண்ணல.”

யாரும் சிரிக்கவில்லை. ஐரோப்பியர்களைப் பற்றி ஆட்டுக்கல்லிடம் நான் இத்தனை நாள் கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, இவர் உள்ளி உரித்துக்கொண்டே நம்பிக் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

“சரி, பண்ணுச்சா பண்ணலயான்னு எப்புடிக் கண்டுபுடிக்கறது?” என்று நீதிபதி என்னையே கேட்டார். “அங்க என்னா பண்ணுவாங்க?”

“பழுக்கக் காய்ச்சின இரும்பைக் கையில் பிடிக்கச் சொல்வார்கள்…”

“வேணாம்!” என்றார் அக்கா.

“ஆற்றில் கட்டித் தூக்கிப் போடுவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி.”

எல்லோரும் மணிமுத்தாற்றின் திசையைப் பார்த்தார்கள். அது கோடைக்காலம். ஆற்றில் வெறும் மணல். அதில் குற்றவாளி நிரபராதி எல்லோருமே நிற்கத்தான் முடியும்.

“இன்னொன்று இருக்கிறது” என்றேன். “மந்திரித்த காய்ந்த ரொட்டித் துண்டைத் தின்னக் கொடுப்பார்கள். பொய் சொன்னவனுக்கு அது தொண்டையில் இறங்காது.”

“பொறை பரவால்லயா?” என்று கேட்டுக்கொண்டே அக்கா உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். டீக்குத் தொட்டுத் தின்கிற பொறை. எப்போது வாங்கியது என்று அக்காவுக்கே ஞாபகமில்லை. ஒன்றை எடுத்து உரலில் தட்டினால் உரல்தான் சத்தம் போட்டது. அக்கா பிஸ்மில்லா சொன்னார். டவாலி அய்யா மணவாளநல்லூர் இருந்த திசையில் கும்பிட்டார். இரண்டு பக்கமும் காவல் வைத்தாகிவிட்டது.

முதலில் ஆடு. அக்கா நீட்டினார். கறக் முறக் என்று இரண்டு சத்தம், பொறை போய்விட்டது. பிறகு டப்பாவுக்குள் மூக்கை விட்டு இன்னொன்று கேட்டது. கூட்டம் கைதட்டியது.

“ஒத்துக்க மாட்டேன்!” என்று பொம்மைக்காரர் குதித்தார். “ஆடு கூரை ஓட்டக்கூடத் திங்கும்! இது ஒரு சோதனையா?”

“அப்ப சாட்சிக்காரன் திங்கட்டும்” என்றார் நீதிபதி. “உண்மையச் சொன்னவனுக்கு என்னா பயம்?”

மச்சினன் முன்னால் வந்தான். பொறையை வாங்கினான். வாயில் போட்டான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான். கன்னம் இந்தப் பக்கம் உப்பியது, அந்தப் பக்கம் உப்பியது. கண் பிதுங்கியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனுடைய குரல்வளையையே பார்த்தது. அது ஏறியது, இறங்கவில்லை. அடுத்த கணம் ஒரு பெரிய இருமல் வந்து, மந்திரித்த பொறை முழுக்க நீதிபதியின் சிவப்புத் துண்டின் மேல் தூளாகப் போய் அமர்ந்தது.

“பொறை பழசு!” என்று கத்தினான் மச்சினன். “யாரு தின்னாலும் இப்புடித்தான் ஆவும்!”

“குடுறா, நான் தின்னு காட்டறேன்” என்று பொம்மைக்காரர் ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டார். அவருக்கும் புரையேறியது. முதுகில் தட்டினார்கள், தலையில் தட்டினார்கள். கண்ணில் தண்ணீரோடு நிமிர்ந்தபோது டவாலி அய்யா குனிந்து, மெல்லக் கேட்டார்.

“நீ என்னாப்பா பண்ண?”

பொம்மைக்காரர் சுற்றிலும் பார்த்தார். “ஒண்ணும் பெருசா இல்ல” என்றார். “தெனமும் மத்தியானம் அந்த ஆட்ட நான்தான் பட்டறைக்குக் கூப்புட்டு வைக்கோலு போடறது.”

“நீங்களா?” என்றார் அக்கா.

“அவ ஊருக்குப் போனதுலேருந்து பேசறதுக்கு ஆளில்ல பாயம்மா. இவன்கிட்ட பேசுனா தூங்கிடறான். ஆடு நல்லா கேக்குது. நேத்து நான் சூளைக்குப் போயிட்டேன், அது பாட்டுக்கு வழக்கம்போல வந்திருக்கும்.”

அக்காவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “என் புள்ள ரெண்டு வேள சாப்புட்டிருக்குது, அதான் இப்புடி வளந்திருக்குது” என்றார்.

“பாத்தீங்களா, வேல செய்யுது!” என்ற டவாலி அய்யாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒரு பொறையை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுப் பார்த்தார். பல் இல்லாத பக்கம் அது மாட்டிக்கொண்டு, இருமலும் கண்ணீருமாக உரலிலிருந்து சரிந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள்.

“அய்யா என்னா பண்ணீங்க?” என்று கூரையோரத்திலிருந்து நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

நீதிபதி துண்டால் வாயைத் துடைத்தார். நேர்மையான மனுஷர்தான். “குழாயடியில விடிகாலயில கொடத்த எல்லாம் பின்னால நகத்திட்டு எங்க வாளிய முன்னால வக்கறது நான்தான்” என்றார்.

அன்று அந்த முற்றத்தில் எழுந்த சத்தம் சூளைப் பக்கம் வரை கேட்டிருக்கும். அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற தெருப் பெண்கள் வாத்தையும் ஆட்டையும் மறந்து நீதிபதியைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் களேபரத்தில் அக்கா சாவகாசமாக ஒரு பொறையை எடுத்து, பக்கத்திலிருந்த டீ டம்ளரில் நனைத்து, தின்று முடித்தார்.

“நனைச்சா செல்லாது!” என்றார் பொம்மைக்காரர்.

“நனைக்கக் கூடாதுன்னு டீச்சர் புக்குல இருக்குதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புத்தகத்தில் டீ பற்றி ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் அவர்களுக்கு டீயே தெரியாது. அதை அப்படியே சொன்னேன். அக்கா நிரபராதி என்று பதிவானது. டப்பா என் பக்கம் நகர்வதற்குள், வக்கீலுக்கு இந்தச் சோதனை கிடையாது என்று அவசரமாக ஒரு விதியைச் சொல்லிவைத்தேன்.

இத்தனைக்கும் நடுவில் மச்சினன் தரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். அவனை எல்லோரும் மறந்தேவிட்டோம். அவனாகவே பேசினான்.

“மாமா, ஆடு முட்டல.”

“பின்ன?”

“கீழ் பலகையில கொஞ்சம் வாத்துங்கள ஒதுக்கி வச்சிட்டுப் படுத்தேன். களிமண்ணு பக்கத்துல ஜிலுஜிலுன்னு இருந்திச்சி. கனவுல எங்க ஊரு கரும்பு வண்டியில போற மாதிரி வந்திச்சி. மாட்ட ஓட்டறதுக்கு கால உதைச்சேன். மேல் பலகை உழுந்திச்சி.”

“அப்புறம்?”

“எழுந்து பாத்தா ஆடு நின்னுச்சி. அது என்னயே பாத்திச்சி. எனக்குப் பயமாப் போயி அது மேலயே சொல்லிட்டேன்.”

பொம்மைக்காரர் அடிக்கக் கை ஓங்கினார். பிறகு அந்தக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தூக்கத்தில் மாடு என்று நினைத்து வாத்து ஓட்டியவனை அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

டவாலி அய்யா உரல் மேல் மீண்டும் ஏறித் தீர்ப்புச் சொன்னார். ஆடு விடுதலை. மச்சினன், உடைந்த வாத்துகள் அத்தனைக்கும் பதில் புது வாத்து ஊற்றிக் கொடுக்க வேண்டும், நின்றுகொண்டே. பட்டறையில் அவன் உட்காரக் கூடாது. நீதிபதியின் வாளி ஒரு மாதத்துக்குக் குழாயடியில் கடைசியில் வைக்கப்படும். இந்தக் கடைசித் தீர்ப்பைச் சொன்னது நீதிபதி இல்லை, கூட்டம்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தினேன். ரொட்டிச் சோதனை என்றதும் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். போன வாரம் வரை நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் அன்று, பொய் சொல்லிவிட்டு, மந்திரித்த ரொட்டியை நம்பிக் கையில் வாங்கியவனுக்கு வாயில் எச்சில் எப்படி வற்றிப்போகும், ஊரே அவனுடைய தொண்டையைப் பார்க்கும்போது அவன் எப்படி நிற்பான் என்று சொன்னேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நிரபராதிக்கும் புரையேறினால் என்ன ஆகும் டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். அதுதான் அதில் உள்ள கோளாறு என்றேன். அந்த வகுப்பில் எனக்கு நாக்கு ஒட்டாமல் போன முதல் நாள் அதுதான்.

அந்த வருஷ பக்ரீத்துக்கு அக்காவின் வீட்டுக்காரர் ஒருவழியாக லீவில் வந்து சேர்ந்தார். வாசலில் ஆட்டைப் பார்த்தார், அதன் மேலிருந்த ஊதாப்பூச் சட்டையைப் பார்த்தார். “நான் அனுப்புனதாச்சே இது” என்று மட்டும் சொன்னார். ஆட்டைத் தடவி, எடை நன்றாக இருக்கிறது என்று அவர் மகிழ்ந்தபோது அக்கா குறுக்கே வந்து நின்றார்.

“கோர்ட்டுல விடுதலயான ஆடுங்க இது. தொடக் கூடாது.”

“எந்தக் கோர்ட்டு?”

நாங்கள் எல்லோரும் சேர்ந்து விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேறு ஆடு வாங்கப் புறப்பட்டுப் போனார். பக்ரீத் அன்று லைன் வீட்டுக்கே பிரியாணி வந்தது. டவாலி அய்யாவுக்கு மட்டும் முட்டை போட்ட குஸ்கா, அவர் கறி சாப்பிட மாட்டார்.

அதற்குள் வழக்கின் புகழ் பரவிவிட்டது. ஒருநாள் பள்ளியிலிருந்து வரும்போது முற்றத்தில் ஒரு ஆள் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தார். கம்மாபுரத்திலிருந்து வந்திருக்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரரின் கோழி தன் கோழியின் கூட்டில் முட்டையிட்டுவிட்டு, அது தன்னுடையதுதான் என்று தகராறு செய்கிறதாம். தகராறு செய்வது கோழியா, பக்கத்து வீட்டுக்காரரா என்று நான் கேட்டேன். ரெண்டு பேருமே என்றார். டவாலி அய்யா ஏற்கெனவே சிவப்புத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு, ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் என் சித்தி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் போகாமல் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“நீங்கதானுங்களே ஆட்டு வக்கீலு?”

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தொண்டை வறண்டு போய் இருமல் வந்தது.

“நீங்கதான்” என்றார் கண்டக்டர் திருப்தியாக. “எங்க மாமியார் வூட்ல ஒரு எரும இருக்குதுங்க. அதப் பத்தி கொஞ்சம் பேசணும்.”

ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் அந்த எருமையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனோம். அது செய்ததாக அவர் சொன்னதையெல்லாம் கேட்டபோது, எனக்கும் அதன் மேல்தான் தப்பு என்று பட்டது.